நோம்பி அன்னைக்கு இல்லீங்க, லீவு நாள்ல போங்க

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. பனியன் கம்பெனில ஒண்ணா வேல பாக்கற ஆறு பேரு, தீவாளி போனஸ்ல இருந்து ஆளுக்கு கொஞ்சம் போட்டு 25,000 ரூபா சேத்து வெச்சிருக்காங்களாம். தீவாளி அன்னைக்கு ஒரு குழந்தைங்க ஆசிரமத்துக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் மத்தியானம் பிரியாணியும் ஸ்வீட்டும் குடுக்கலாம்னு இருக்காங்க, இது சரிதானா, இல்ல வேற ஏதாச்சு பண்ணலாமான்னு கேள்வி.

நான் பெருந்துறை பக்கம், முப்பது வருசத்துக்கு மேல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. இப்ப எங்கூருல நாலு பொம்பளைங்க சேந்து நோம்பி (பண்டிகை) லீவுல இதே வேலையத்தான் பண்ணிட்டு இருக்கறோம், அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன், பொறுமையா படிங்க தம்பி.

உங்க மனசுக்கு நீங்க நல்லா இருக்கோணும். ஆனா தீவாளி அன்னைக்கு இல்லத்துக்கு சாப்பாடு கொண்டு போகாதீங்க. நாங்க மொத வருசம் அதத்தான் பண்ணுனோம். போய் எறங்கறப்பவே வாசல்ல ரெண்டு வண்டி நிக்குது, ஒண்ணுல லெமன் சாதம், ஒண்ணுல பிரியாணி, வெடியால வேற ஒருத்தரு இட்லி வடை பொங்கல்னு போட்டுட்டு போயிருக்காங்க. ஒரு அப்பாரு என்னைப் பாத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு "வயித்துல எடமில்ல சாமி, கோவிச்சுக்காத"ன்னாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. பொழுதோட ஒரு டிரம்மு நெறைய சோறு மாட்டுக்குப் போச்சு. அடுத்த வாரம் வியாழக்கெழம சும்மா பாத்துட்டு வரலாம்னு போனா அவிங்களுக்கு ரசமும் அப்பளமும்தான். அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுது, நாம நம்ம நோம்பியப் பாத்து போறோம், அவிங்க பசியப் பாத்து போறதில்ல.

குழந்தைங்க விசயத்துலயும் இதேதான். கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் காலைல டிபன், பத்தாவது வரைக்கும் மத்தியான சாப்பாடு, முட்டையோட. காமராஜர் 1956ல ஆரம்பிச்சு வெச்சது, எம்ஜிஆர் 1982 ஜூலை 1ல பெருசாக்குனாரு, காலைச் சாப்பாடு 2022 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சு மக்யா (அடுத்த) வருசம் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் வந்துருச்சு. அப்ப பாருங்க, கஷ்டப்படற ஊட்டுக் குழந்தைக்கு மூணு வேளைல ரெண்டு வேளை சோறு பள்ளிக்கூடத்துலதான். லீவு உட்டா அந்த ரெண்டு வேளையும் போச்சு. நமக்கு நோம்பின்னா லீவு, சந்தோசம். ஆயுதபூசையோட சேந்து காலாண்டு லீவு, அப்பறம் தீவாளி, கிறிஸ்துமசுல இருந்து புதுவருசம் வரைக்கும் அரையாண்டு லீவு, பின்னாடியே பொங்கல். ஊரே இனிப்பு திங்கற அந்த மூணு நாலு மாசத்துலதான் பள்ளிக்கூடத்து அடுப்பு அடிக்கடி அணையுது.

நான் வேலைல இருக்கறப்ப ஒரு தீவாளிக்கு முந்துன நாளு, மூணாவது படிக்கற ஒரு பையன் முட்டைய திங்காம உரிக்காம அப்படியே டவுசர் பாக்கெட்டுல போட்டுட்டான். பாக்கெட்டு முன்னாடி உப்பிட்டு நிக்குது. ஏன் சாமி திங்கலியான்னேன். "நாளைக்கு பள்ளிக்கூடம் இல்லீங்களே டீச்சர், பாப்பாவும் ஊட்டுல இருக்கும்"ன்னான். பாப்பான்னா அவன் தங்கச்சி, ரெண்டு வயசு. நான் அன்னைக்கு அவனுக்கு இன்னும் ரெண்டு முட்டை குடுத்து உட்டேன், கணக்குல என்ன எழுதுனேன்னு இப்ப கேக்காதீங்க. அவன் வாசப்படி தாண்டற வரைக்கும் பாக்கெட்ட ஒரு கையில புடிச்சுட்டே போனான், ஓடுனா ஒடஞ்சு போயிரும்னு மெதுவா நடந்து போனான், அது இன்னும் என்ற கண்ணுலயே நிக்குது.

போனஸ் வருதே, தீவாளிக்கு எல்லாருக்கும் கைல காசு இருக்குமேன்னு உங்களுக்குத் தோணும். நீங்க கம்பெனில இருக்கறவரு, உங்களுக்கே தெரியும், போனஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி வர்றதில்ல. பீஸ் ரேட்டுல தைக்கறவங்க, காண்ட்ராக்ட்டுல பிசிறு வெட்டறவங்க, இவிங்களுக்கெல்லாம் சனிக்கெழம சம்பளந்தான் பொழப்பு. தீவாளிக்கு கம்பெனி சாத்துனா ஒரு வாரம் பத்து நாள் சாத்துனதுதான், தொறந்தாலும் ஊருக்குப் போன ஆளுங்க வந்து சேந்து லைன் ஓட இன்னும் நாலு நாள் ஆகும், அப்ப ரெண்டு சனிக்கெழம சம்பளம் இல்ல. கைல வந்த கொஞ்சத்தையும் துணி எடுத்து, வட்டி கட்டி, ஊருக்கு பஸ்சு ஏறி கரைச்சிருப்பாங்க. சோமனூரு பல்லடம் தறிக்காரங்களுக்கும் பள்ளிபாளையம் பக்கமும் இதே கததான், தறி ஓடுனாத்தான் கூலி. அதனால தீவாளி முடிஞ்ச மக்யா வாரந்தான் இவிங்க ஊட்டுல சட்டி காயற வாரம். உங்க 25,000 ரூபா அந்த வாரத்துல பேசட்டும்.

சரி, என்ன குடுக்கறது. அரிசி மூட்டை வாங்காதீங்க. கார்டு இருக்கற ஊட்டுக்கு ரேஷன்ல அரிசி சும்மாவே வருது. இல்லாதது அரிசியில்ல, அரிசிய சோறாக்கித் தொட்டுக்கறதுக்கு வேண்டியது. நாங்க போன வருசம் குடுத்த பையில துவரம்பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், முப்பது முட்டை ஒரு அட்டை, பச்சப்பயிறு ஒரு கிலோ, ராகி மாவு ஒரு கிலோ, அப்பறம் கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை ஒரு கிலோ. ஊட்டுக்கு எண்ணூறு தொள்ளாயிரம் ரூபா ஆச்சு. பருப்பும் எண்ணெயும் இருந்தா அந்தம்மா அரிசியும் பருப்பும் போட்டு ஒரே சட்டில சாதம் ஆக்கிருவாங்க, நம்மூரு புள்ளைங்க அதச் சாப்பிட்டு வளந்ததுங்கதானே. முட்டை நாமக்கல்லுல இருந்து வர்றது, பிரிட்ஜ் இல்லாட்டியும் ஒரு வாரம் தாங்கும், புள்ள வயித்துக்கு அதவிட லேசா சத்து சேக்கற பொருள் வேற இல்ல. ஸ்வீட் பாக்ஸ் குடுக்கோணும்னு ஆசையா இருந்தா குடுங்க, நோம்பிக்கு இனிப்பு வாய்ல படாம ஒரு குழந்தையும் இருக்கக்கூடாதுதான், ஆனா அதுக்கு பெருசா செலவு பண்ணாதீங்க, ஆளுக்கு நாலு கடலை முட்டாய் போதும்.

வடக்க இருந்து வந்தவங்கள மறந்துராதீங்க. பீகாரு ஒடிசான்னு வந்து லைன் ஊட்டுல பொண்டாட்டி புள்ளையோட இருக்கறவங்க எத்தனையோ பேரு, ட்ரெயின் டிக்கெட் கிடைக்காம தீவாளிக்கு இங்கயே நின்னு போயிருவாங்க. தெருவுல இருக்கற மெஸ்சு, மளிகைக்கடை எல்லாம் சாத்திருக்கும். இங்க கார்டு இல்லாததால பொங்கல் பரிசும் அவிங்களுக்கு வராது. ஆனா அவிங்க சொந்த ஊரு கார்டு நம்பரும் கைரேகையும் இருந்தா நம்மூரு ரேஷன் கடையிலயே அரிசி வாங்கலாம், ஒரே நாடு ஒரே ரேஷன்ல 2020ல இருந்தே தமிழ்நாடு இருக்குது. இது பாதி பேருக்கு தெரியாது, சொல்லிக் குடுத்து கூடப் போய் ஒருக்கா வாங்கி குடுத்துட்டீங்கன்னா அது நீங்க குடுக்கற பையவிட பெரிய உதவி. இன்னொண்ணு, ஒரு ஊட்டுல அரிசி பருப்பு எல்லாம் இருக்குது, அடுப்பு மட்டும் எரியல, கேட்டா அஞ்சு கிலோ சிலிண்டரு தீந்து நாலு நாள் ஆச்சுங்கறாங்க. அதனால பைய வாசல்ல வெச்சுட்டு வந்துராதீங்க, அடுப்பு இருக்குதா, கேஸ் இருக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஆளு ஒண்டியா இருக்கறவருன்னா பக்கத்துல அம்மா உணவகம் எங்கன்னு காட்டி உடுங்க, இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா.

ஒரு ரூபான்னதும் ஞாபகம் வருது, கோயமுத்தூருக்கு மேக்க வடிவேலம்பாளையத்துல கமலாத்தாள் பாட்டி வெறகடுப்புல இட்லி சுட்டு ஒரு ரூபாய்க்கு வித்தாங்களே. சும்மா குடுக்கலீங்க, ஒரு ரூபா வாங்கிட்டு குடுத்தாங்க. காசு குடுத்து சாப்படறவன் தலை நிமிந்து உக்காந்து இன்னும் ரெண்டு வைங்க ஆத்தான்னு கேக்கலாம். நீங்க குடுக்கறப்பவும் அந்தத் தலை நிமிர்வு அவிங்களுக்கு இருக்கோணும். குழந்தைங்கள வரிசைல நிறுத்தாதீங்க, பேனர் வேண்டாம், போட்டோவே வேண்டாம். ஆசிரமத்துல இருக்கற குழந்தைங்க முகத்தையோ பேரையோ வெளில போடறது சட்டப்படியே தப்பு, 2015 சிறார் நீதிச் சட்டத்துல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதமோ போட எடமிருக்குது. சட்டத்த உடுங்க, நாளைக்கு அந்தப் புள்ள காலேஜுக்குப் போயி நிக்கறப்ப அது பிரியாணிப் பொட்டலத்தோட நிக்கற படம் எவனோ ஒருத்தன் போன்ல இருக்கோணுமா?

குழந்தைங்க இல்லத்துக்குத்தான் குடுக்கோணும்னா அது பதிவு பண்ணுன இல்லமான்னு கலெக்டர் ஆபீசுல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிச்சுட்டு, நோம்பி முடிஞ்ச ரெண்டாவது வாரம் ஒரு நாளுக்கு காய்கறியும் பாலும் வாங்கி குடுங்க. ஆக்குன சோறுன்னா சூடா எறக்கி மூணு நாலு மணி நேரத்துக்குள்ள பந்தி முடியோணும், தேங்கா சட்னி வேண்டவே வேண்டாம். கல்யாணத்துல மிச்சமான சாப்பாடெல்லாம் வாங்கி இல்லாதவங்களுக்கு கொண்டு சேக்கறதுக்கு கோயமுத்தூர்ல 2014ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி ஆளுங்க இருக்காங்க, அவிங்களுக்கு அது கைவந்த வேல, மண்டபத்து மிச்சத்த அவிங்ககிட்ட உட்டுருங்க. தாளவாடி, கடம்பூரு, பர்கூரு மலைல உண்டு உறைவிடப் பள்ளிக் குழந்தைங்க லீவுக்கு ஊட்டுக்கு போறப்ப மூணு வேளையும் நின்னு போயிரும், அங்க போக வசதி இருந்தா ஹெச்எம் கிட்ட மொதல்லயே பேசி புள்ளைங்க ஊருக்கு கெளம்பற அன்னைக்கே கைல குடுத்து உடுங்க.

இப்ப பெரியவங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் பண்ணியிருக்கேன். முதியோர் இல்லத்துல இருக்கற பெரியவங்களுக்கு நாலு பேரு மொகமாச்சும் தெரியும். நம்ம பக்கம் தனிமைன்னா அது தோட்டத்து ஊட்டுலதாங்க இருக்குது. பையன் பெங்களூரு, பொண்ணு அமெரிக்கா, பத்து ஏக்கரா தென்னந்தோப்புக்குள்ள கெழவனும் கெழவியும், இல்ல ஒத்தக் கட்டையா ஒரு ஆத்தா. காசு பணத்துக்கு கொறையில்ல, ஆனா பேச நாதியில்ல. நாய் கொலைக்கறதும் மோட்டார் ஓடறதுந்தான் சத்தம். அதனால உதவி தேவப்படறவங்கன்னு யாரும் இவிங்கள எண்ணறதே இல்ல.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்குது, கவனமா கேளுங்க. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கமும், 2025 ஏப்ரல் கடைசில ஈரோடு சிவகிரி பக்கமும் தோட்டத்து ஊட்டுல இருந்த வயசானவங்கள கொன்னு போட்டுட்டு போனாங்க. அதுக்கப்பறம் நம்ம பக்கத்துப் பெரியவங்க யாருக்கும் கதவு தொறக்க பயம். நீங்க ஆறு பசங்க ரெண்டு பைக்குல போய் திடுதிப்புனு எறங்குனீங்கன்னா அவிங்களுக்கு அன்னைக்கு நைட்டு தூக்கம் போயிரும். அதனால தெரிஞ்ச மொகத்தோட போங்க. பால் சொசைட்டில ஊத்தறவருக்கு தெரியும், எந்தத் தோட்டத்துல யாரு ஒண்டியா இருக்காங்கன்னு. மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசருக்கும் சுகருக்கும் மாத்திரை கொண்டு வந்து குடுக்கற அம்மாவுக்குத் தெரியும், போஸ்ட்மேனுக்குத் தெரியும். அவிங்க கூட பகல்ல போங்க, ரெண்டு பேரு மட்டும் போங்க, ஒரு பொம்பளையாச்சு கூட இருக்கோணும். ஆத்தாவ பாத்தோம்னு போட்டோ போட்டு ஊரு பேரு சொல்றதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஒண்டியா இருக்காங்கன்னு ஊருக்கு தமுக்கு அடிச்ச மாதிரி ஆயிரும்.

சீலை வேட்டி வாங்காதீங்க. முதியோர் பென்சன் வாங்கறவங்களுக்கு தீவாளிக்கும் பொங்கலுக்கும் கவர்மெண்டே குடுக்குது, தோட்டத்துக்காரங்களுக்கு பீரோ நெறைய மடிச்சது மடிச்ச மாதிரி கெடக்குது. மிக்சரு முறுக்கு கடிக்க பல்லு இல்ல, ஜாங்கிரி தின்னா சுகரு ஏறிரும். ஒரு போசில சந்தகையும் (இடியாப்பம் மாதிரிதான்) தேங்காப்பாலும் கொண்டு போங்க, அவிங்க கூட உக்காந்து நீங்களும் ஒரு வட்டல்ல போட்டுச் சாப்புடுங்க. அப்பறம் ஊட்ட சித்த சுத்திப் பாருங்க. பாத்ரூம்ல புடிக்க கம்பி இல்லியா, வாசல்ல பல்பு எரியலியா, போன்ல ரீசார்ஜ் முடிஞ்சு கெடக்குதா, மாத்திரை தீந்து போச்சா, கண்ணாடி ஒரு கால் ஒடஞ்சு நூலு கட்டியிருக்குதா. எல்லாம் நூறு எரநூறு ரூபா வேல, ஆனா பண்றதுக்கு ஆளில்லாம மாசக்கணக்கா கெடக்கும்.

எங்கூருக்கு பக்கத்துல ஒரு ஆத்தா, எம்பத்தோரு வயசு. ஊட்டுக்காரரு தவறி ஏழு வருசம். தீவாளிக்கு முந்துன நாளு பொழுதோட போயிருந்தோம், பேசிட்டு கெளம்பறப்ப திண்ணைல உக்காந்துட்டு மெதுவா கேட்டாங்க, "கண்ணு, என்ற தலைக்கு கொஞ்சம் எண்ண வெச்சு உடறயா, கை மேல தூக்க முடியல"ன்னு. நாளைக்கு வெடியால எண்ண தேச்சுக் குளிக்கோணும், யாரு வெச்சு உடறதுன்னு அதுதான் அவிங்களுக்கு கவலையாம். மக்யா நாள் வெடியால அஞ்சு மணிக்கு நானும் இன்னொரு அக்காவும் போனோம், நல்லெண்ணெயக் காய்ச்சி உச்சந்தலைல வெச்சு, சீயக்கா போட்டு, சுடுதண்ணி வாத்து உட்டோம். முதுகு தேய்க்கறப்ப ஒண்ணும் பேசாம கண்ண மூடிட்டு உக்காந்திருந்தாங்க. ஏழு வருசமா தலைல ஒருத்தரு கை படலீன்னு அப்பறந்தான் சொன்னாங்க. அதுக்கு எங்களுக்கு ஆன செலவு ஒரு ரூபா கூட இல்லீங்க.

அந்த ஆத்தாவ நாங்க அதோட உடல. பொங்கலுக்கு முன்னாடி கவுந்தப்பாடி பக்கம் வெல்ல ஆலைல கரும்பு வெட்டறவங்க, பாகு காய்ச்சறவங்க குடும்பத்தோட வந்து கொட்டாயில தங்கியிருப்பாங்க, அந்தக் குழந்தைங்களுக்கு ஏதாச்சு பலகாரம் குடுக்கோணும்னு பேச்சு வந்துச்சு. கடையில வாங்கறதுக்கு பதிலா ஆத்தாகிட்ட போயி கச்சாயம் சுட்டுத் தர்றீங்களான்னு கேட்டோம். "ஒத்தக் கட்டைக்கு எதுக்குன்னு எண்ணச்சட்டியவே மேல தூக்கி வெச்சுட்டனே"ன்னாங்க. எறக்கி குடுத்தோம். பச்சரிசி ஊற வெக்கறதுல இருந்து வெல்லம் இத்தன போடு, மாவு இன்னும் எளக்கமா இருக்கோணும்னு எங்களையெல்லாம் வெரட்டி வேல வாங்குனாங்க, எண்ணெயில ஊத்தறது மட்டும் அவிங்க கையாலதான், நடுங்கற கைதான் ஆனா ஒவ்வொண்ணும் ஓரம் மொறுமொறுன்னு நடு மெத்துன்னு எந்திரிச்சு வருது. கூடவே கொட்டாய்க்கு வந்து குழந்தைங்க கையில அவிங்களே குடுத்தாங்க, ஒரு சின்னப் புள்ள ரெண்டாவது கேட்டப்ப ஆத்தா மொகத்தப் பாக்கோணுமே! பெரியவங்களுக்கு எப்பவும் நாம குடுத்துட்டே இருந்தா அவிங்க வாங்கற கையாவே ஆயிருவாங்க தம்பி, குடுக்கற கையா இருந்தவங்க அவிங்க, அத திருப்பிக் குடுங்க.

போற எடத்துல வேற மாதிரியும் சிலது பாப்பீங்க. தோட்டத்த பையன் பேருக்கு எழுதி வாங்கிட்டு சோறு போடாம உட்டுருப்பான். அங்க போயி பையன்கிட்ட சண்டை போடாதீங்க. 2007ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுக்கலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் குடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம், பாத்துக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு பாக்காம உட்டா அந்தப் பத்திரத்த ரத்து பண்ணவும் வழி இருக்குது. பெரியவங்களுக்கு 14567ன்னு ஒரு ஹெல்ப்லைன், குழந்தைங்களுக்கு 1098, ரெண்டையும் போன்ல போட்டு வெச்சுக்கோங்க. முதியோர் பென்சன் 2023ல மாசம் 1,200 ரூபா ஆச்சு, தகுதி இருந்தும் வாங்காதவங்களா இருந்தா தாலுகா ஆபீசுக்கு மனு எழுதி குடுங்க.

உங்க பணத்துக்கு வருவோம். என்னைக் கேட்டா, பதினஞ்சு ஊட்டுக்கு பை, 13,500. பெரியவங்களுக்கு கம்பி, பல்பு, மாத்திரை, சந்தகைன்னு 6,000. மிச்சம் 5,500ஐ தொடாம வெச்சிருங்க, அரையாண்டு லீவுக்கு. ஏன்னா டிசம்பருல மறுக்கா அடுப்பு அணையும், அப்ப யாருகிட்டயும் போனஸ் இருக்காது. ஒரு ஆத்தாவ பாத்தீங்கன்னா அதே ஆத்தாவ பொங்கலுக்கும் பாருங்க, பத்து பேர ஒருக்கா பாக்கறதுக்கு ரெண்டு பேர அஞ்சு தடவ பாக்கறது நல்லது, வர்றேன்னு சொல்லிட்டு போகாம மட்டும் இருக்காதீங்க, வாசல பாத்துட்டே உக்காந்திருப்பாங்க.

எந்தப் பதினஞ்சு ஊடுன்னு நீங்களா தேடாதீங்க. லீவு உடற அன்னைக்கு முந்துன நாளு, உங்க கம்பெனிக்கு பக்கத்துல இருக்கற கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ரெண்டு மணிவாக்குல போங்க, அப்பத்தான் சமையல் அக்கா பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு சித்த உக்காந்திருப்பாங்க. ஹெச்எம்ம பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு அந்த அக்காகிட்ட போயி, எந்தக் குழந்தைங்க ரெண்டாவது தடவ சோறு வாங்குதுங்க, எந்தக் குழந்தை முட்டைய திங்காம ஊட்டுக்கு எடுத்துட்டு போகுதுன்னு மட்டும் கேளுங்க. பேரு, தெரு எல்லாம் அவிங்க வாயிலயே வரும், எழுதிக்க ஒரு பேனா கொண்டு போங்க.